தக்கயாமாவில் குடிக்காத தேத்தண்ணி

டண்டினொங்கில் சிவனேஸ்வரியைத் தெரியாத தமிழர் அந்தக் காலத்தில் இல்லை. இருந்ததே பதினொரு குடும்பம், தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது! கறுத்த மனுசரையும் உள்ளே விடலாம் என்று இந்த நாட்டுக்காரருக்கு ஞானம் பிறந்த புதிது. எழுபத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம் மெல்பேர்ன் விமான நிலையத்தில் ஒரு நூல் சேலையோடு வந்து இறங்கி, "இஞ்சாருங்கோ, ஆடி மாதத்தில குளிருது, இதென்ன கோதாரி நாடு?" என்று புருசனைக் கேட்டவள் அவள்.

புருசன் வரதராஜா கார்த் தொழிற்சாலையில் இஞ்சினியர். அவருடைய படிப்பு இங்கே செல்லுபடியானது. சிவனேஸ்வரியின் படிப்பு செல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருசம் பெரிய வகுப்புப் பெட்டைகளுக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சருக்கு, திரும்பவும் முதலாம் வருசத்திலிருந்து படித்து வா என்று கடிதம் வந்தது. அவள் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து அலுமாரிக் காலுக்குக் கீழே வைத்தாள், அலுமாரி ஆட்டம் நின்றது. அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் போய் இருந்தாள். சட்டைக்குக் கொலர் வைக்கிற வேலை. நாளுக்கு நூற்றெண்பது கொலர்.

அவளைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும், பிறகு அவளைத் திட்டக்கூடாது. கணக்கு ரீச்சர் அல்லவா, இரண்டு வரியைப் பார்த்தால் மூன்றாவது வரியில் விடையை எழுதிவிடுவாள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் புருசன் பெண்சாதி சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் கரைச்சலே. நாலு தரம் பிழை விட்டிருந்தால் ஐந்தாம் தரம் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருப்பாள்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மெசினில் இருந்தவள் ஹேசல் என்கிற ஹருகோ. ஜப்பான்காரி. போர் முடிந்த கையோடு ஜப்பானில் காவலுக்கு நின்ற ஆஸ்திரேலிய ஆமிக்காரர் சிலர் அங்கே கலியாணம் கட்டி, ஐம்பத்து இரண்டு, ஐம்பத்து மூன்றில் பெண்சாதிமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்தவள். ஹருகோ என்று கூப்பிட நாக்கு வளையாமல் தொழிற்சாலையில் ஹேசல் என்று வைத்துவிட்டார்கள். சிவனேஸ்வரியைச் 'சிவா' ஆக்கியதும் அதே ஆட்கள்தான். மத்தியானத்தில் மற்றவர்கள் எல்லாரும் பாணுக்குள் எதையோ வைத்துக் கடிக்க, சோற்றுப் பெட்டி திறக்கிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். அதிலேயே சிநேகிதம் ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது உடைந்த இங்கிலீஷ். ஆனால் சோற்றைப் பகிர்ந்து தின்றவர்களுக்கு இலக்கணம் எதற்கு? ஒரு வருசத்துக்குள் எல்லாக் கதையும் வந்துவிட்டது. ஹருகோவின் ஊர் மலைக்கு நடுவில் இருக்கிற தக்கயாமா. தகப்பனுக்கு அங்கே மிசோக் கடை. சோயாவை அவித்துப் புளிக்கவைத்துச் செய்கிற களி அது, அவர்கள் சாப்பாட்டுக்கு அது இல்லாமல் முடியாது. பத்தொன்பது வயதில் துறைமுகப் பட்டினத்து மாமி வீட்டுக்கு உதவிக்குப் போனவள், அங்கே ரொன் என்ற ஆஸ்திரேலிய ஆமிக்காரனைக் கண்டாள். பிறகு என்ன, கலியாணம். "எங்களைச் சுட்டவனைக் கட்டினவள் இந்த வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது" என்று தகப்பன் சொல்லிவிட்டார். முதல் இரண்டு வருசம் ஹருகோ போட்ட கடிதங்கள் உடைக்காமலே திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவள் போடவில்லை. தகப்பன் செத்துவிட்டார் என்று நாலு வருசம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்தது. தாய் உயிரோடு இருக்கிறாவா, இருந்தால் மகளை என்ன நினைக்கிறா, ஒன்றும் தெரியாது. இருபத்து மூன்று வருசம்!

எழுபத்தாறாம் ஆண்டு மாசியில் வரதராஜாவை அவருடைய கொம்பனி மூன்று கிழமைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு, நகோயா என்ற பெரிய பட்டினத்துக்கு, அனுப்பியது. பெண்சாதியும் கூட வரலாம் என்றார்கள். சிவனேஸ்வரி அதைச் சொன்ன அன்று ஹருகோ மெசினை நிற்பாட்டிவிட்டாள். அடுத்த நாள் ஒரு கடித உறையும், ஜப்பான் எழுத்தில் எழுதிய ஒரு அட்டையும் கொண்டுவந்தாள்.

"நகோயாவில இருந்து ரயிலில மூண்டு மணித்தியாலம். இந்த அட்டையை ஆருக்குக் காட்டினாலும் கடை வாசலில கொண்டுபோய் விடுவினம்," என்றாள். "நீ ஊர் பாக்க வந்த ஆள் மாதிரிப் போ. மிசோ வாங்கு. அம்மா இருக்கிறாவோ எண்டு பார். அந்த வீட்டில என்ர அடையாளம் ஏதும் இருக்கோ எண்டு பார். ஒரு படம், ஒரு சட்டை, ஏதாவது. இருந்தால் இந்தக் கடிதத்தைக் குடு. இல்லையெண்டால் திருப்பிக் கொண்டுவந்திடு. நான் இனிக் கேக்கமாட்டன்."

"நான் பாக்கிறன்," என்றாள் சிவனேஸ்வரி. பார்க்கிறதில் அவளுக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

வரதராஜாவுக்கு இது பிடிக்கவில்லை. "உமக்கு விசரே? பாசை தெரியாத ஊரில தனியப் போறன் எண்டு நிக்கிறீர். எனக்குச் சனிக்கிழமையும் வகுப்பு, நான் வரேலாது," என்றார்.

"நீங்கள் வந்தால் மட்டும் ஜப்பான் கதைச்சுக் கிழிக்கப் போறியளோ?" என்றாள். பங்குனி மாதத்து முதல் சனிக்கிழமை, பட்டுச் சேலைக்கு மேலே வரதராஜாவின் கம்பளிக் கோட்டைப் போட்டு, கால்மேசோடு சப்பாத்தும் மாட்டி, பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள்.

ரயில் ஆற்றோரமாகவே ஏறியது. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், மறுபக்கம் மலை. போகப் போகப் பனி கூடியது. கண்டக்டர் அட்டையை வாங்கிப் படித்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். தக்கயாமா வந்ததும் தானே வந்து பையைத் தூக்கி இறக்கிவிட்டார். அட்டையில் ஹருகோ என்ன எழுதினாளோ, அது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

ஊரைப் பார்த்ததும் சிவனேஸ்வரிக்கு வாய் பிளந்துவிட்டது. முந்நூறு வருசத்துக் கடைத்தெரு என்று ஹருகோ சொன்னபோது இடிஞ்ச சுவரும் கறையானுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது அப்படியே குடியிருக்கிற தெரு. இரண்டு பக்கமும் புகையேறிக் கறுத்த மரவீடுகள், வாசலுக்கு மரச் சட்டம் போட்ட சன்னல்கள், தெரு ஓரத்து வாய்க்காலில் பனி உருகிய தண்ணீர் சலசலவென்று ஓடியது. சாராயம் வடிக்கிற கடைகளின் கூரையோரம் பெரிய பூசணிக்காய் அளவில் இலையால் கட்டிய உருண்டை ஒன்று தொங்கியது. ஆற்றங்கரைச் சந்தையில் முதுகு வளைந்த கிழவிகள் ஊறுகாயும் மரக்கறியும் பரப்பி வைத்திருந்தார்கள். சேலையைக் கண்டதும் எல்லாரும் ஊறுகாயை மறந்துவிட்டார்கள். ஒரு கிழவி எட்டி முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விலை கேட்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். இவ்வளவு வடிவான ஊரை விட்டுவிட்டு டண்டினொங்கில் வந்து காச்சட்டைக்குப் பொக்கற் தைக்கிறாளே இந்தப் பெண் என்று சிவனேஸ்வரி நினைத்தாள். அடுத்த நிமிசமே தன் கிணற்றடியும் ஞாபகம் வந்தது. அதை உடனே தள்ளிவிட்டாள்.

ஆறாவது ஆளிடம் அட்டையைக் காட்டியபோது கடை வந்துவிட்டது. வாசலிலேயே புளித்த வாசம். ஆள் உயர மரப் பீப்பாய்களுக்கு நடுவில், வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு கிழவி கையில் மர அகப்பையோடு நின்றா. ஹருகோவை முப்பது வருசம் உலரவைத்தால் எப்படி இருப்பாளோ அப்படி. அதே நாடி, அதே குட்டி மூக்கு. 'அம்மா இருக்கிறா,' என்று சிவனேஸ்வரியின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மிசோ வேண்டும் என்று கையால் காட்டினாள். கிழவி நிறுத்துக் கட்டித் தந்தா. கடையில் நின்ற மருமகளுக்குப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் நாலு சொல் தெரியும் போலிருந்தது. "எந்த நாடு?" என்று கேட்டாள். சிலோன் என்று சொல்லியிருக்கவேண்டும், சேலை அதற்குத்தானே பொருத்தம். ஆனால் எந்தப் படிவம் நிரப்பும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "ஆஸ்திரேலியா," என்று சொல்லிவிட்டது.

கிழவியின் கையில் இருந்த அகப்பை அப்படியே நின்றது. மகனின் பெண்சாதியைப் பார்த்து என்னவோ கேட்டா. அவள் திரும்பவும் "ஆஸ்திரேலியா" என்றாள். கிழவி அகப்பையைப் பீப்பாயில் போட்டுவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துத் துடைத்து, சிவனேஸ்வரியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தா. நல்ல விருந்தோம்பல் தெரிந்த சனம் என்று இவள் நினைத்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினாள்.

உள் அறையில் நிலத்தில் குழி வெட்டி நெருப்பு மூட்டியிருந்தது. பாயில் இருக்கவைத்தார்கள். மருமகள் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். சிவனேஸ்வரி அதை எடுக்கக் கை நீட்டியபோதுதான் எதிர்ச் சுவரோரம் கண் போனது.

ஒரு பள்ளிக்கூடப் பெட்டையின் படம். பின்னல் போட்ட தலை, குட்டி மூக்கு. ஹருகோ, பதினாறு பதினேழு வயதில். படத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பலகை. பலகையில் மூடி போட்ட கிண்ணத்தில் சோறு, பக்கத்தில் சூப்பு, ஒரு துண்டு மீன், ஊறுகாய், சாப்பிடும் குச்சி.

படையல்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். படத்துக்கு முன்னால் சோறு வைக்கிறது யாருக்கு என்று யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அதைவிட, அவள் இதை ஒரு தரம் கண்ணாலும் கண்டவள். அவளுடைய சின்னம்மாவின் மகள் கமலினி ஒரு சிங்களப் பெடியனைக் கட்டிக்கொண்டு போனபோது, சித்தப்பா கிணற்றடியில் நின்று தலையில் மூன்று வாளி தண்ணீர் ஊற்றி, "எனக்கு ஒரு மகள் இருந்தவள், செத்துப்போனாள்," என்று ஊர் கேட்கச் சொன்னார். முப்பத்தோராம் நாள் கமலினியின் படத்துக்கு மாலை போட்டு, சோறு கறி படைத்து, சனத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடும் போட்டார். கமலினி அந்த நேரம் இரண்டு மைலுக்கு அங்கால் வாடகை வீட்டில் உயிரோடு இருந்தாள். சிவனேஸ்வரியும் பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவள்தான். ஒரு சொல் சொல்லவில்லை. அந்தச் சோறு அவளுக்கு இன்னும் தொண்டைக்குள் நிற்கிறது.

ஜப்பான்காரனும் அப்படித்தான் செய்வான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். இரண்டு வரி பார்த்தாகிவிட்டது, விடை வந்துவிட்டது!

கிழவி படத்துக்கு முன்னால் போய் முழங்காலில் இருந்து, கிண்ணத்து மூடியைத் தூக்கினா. மூடியின் உட்பக்கத்தை இவளுக்குத் திருப்பிக் காட்டினா. ஆவி பிடித்து முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. படத்தைக் காட்டினா, மூடியைக் காட்டினா, சிரித்தா. பிறகு நீளமாக என்னவோ கேட்டுவிட்டு, சிவனேஸ்வரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

பெற்ற பிள்ளையின் படையலுக்கு முன்னால் சிரிக்கிற தாயை அவள் எங்கே கண்டாள்? ஐயோ, மனுசிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், எங்கள் ஆட்கள் செய்கிற மாதிரியே, படத்தைப் பார்த்து இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டாள். தேத்தண்ணியைத் தொடவில்லை. செத்த வீட்டில் வாய் நனைக்கலாமா? எழும்பினாள். செத்த வீட்டில் போட்டு வாறன் என்றும் சொல்லக்கூடாது, ஆகவே சொல்லவில்லை. ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் மிசோப் பொட்டலத்தோடு தெருவுக்கு வந்துவிட்டாள். கிழவி வாசல் வரைக்கும் ஓடிவந்தது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. பிறகு சத்தம் நின்றுவிட்டது.

கடிதம் கைப்பையிலேயே இருந்தது.

நகோயாவுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பச்சைத் தண்ணீரில் தலைக்கு முழுகினாள். பங்குனிக் குளிரில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து வரதராஜா, "ஆரின்ர செத்த வீட்டுக்குப் போட்டு வாறீர்?" என்று பகிடி விட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் மனுசன் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

டண்டினொங்குக்குத் திரும்பிய அன்று, ஹருகோ மெசினடியில் எழும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"கடை பூட்டிக் கிடந்தது," என்றாள் சிவனேஸ்வரி. "சரியான பனி. பக்கத்தில கேட்டன், ஒருத்தருக்கும் இங்கிலீஷ் தெரியேல்லை." கடிதத்தை நீட்டினாள்.

பொய்தான். ஆனால் நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உன்ர தாய் உனக்குப் படைச்சுச் சோறு வைக்கிறா என்று ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வருமா? மூன்று கிழமை அந்தப் பொய்யோடு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். கொலர் கோணலாக வந்தது. மேற்பார்வைக்கு நின்ற கிரேக்க மனுசி ஒரே நாளில் முப்பது சட்டையைத் திருப்பி எறிந்தாள். வீட்டில் வரதராஜா குளிர்ப்பெட்டியில் இருந்த மிசோவைப் பழப்புளி என்று நினைத்துக் குழம்புக்குக் கரைத்துவிட்டு, "இதென்ன அறுவானே, புளிப்பே இல்லை," என்று கத்தினார். அதற்கும் அழுதாள்.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டே ஹருகோ சொன்னாள்: "சிவா, நான் யோசிச்சுப் பாத்தன். பூட்டின கடை எண்டால் மாட்டன் எண்ட பதில் இல்லைத்தானே. பள்ளிக்கூட லீவுக்கு ரொன்னையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகப்போறன். வாசலில நிண்டு கூப்பிடுவன். என்ன வந்தாலும் வரட்டும்."

சிவனேஸ்வரி சோற்றுப் பெட்டியை மூடிவிட்டாள். பிள்ளைகளுக்கு முன்னால், புருசனுக்கு முன்னால், தன்னுடைய படையலுக்கு முன்னாலேயே போய் நிற்கப்போகிறாள் இவள். அடுத்த நாள் சனிக்கிழமை காலை, மிச்சமிருந்த மிசோவைப் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து ஹருகோவின் வீட்டுக்குப் போனாள். ரொன் முன்முற்றத்தில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். ஹருகோ குசினியில் நின்றாள்.

சிவனேஸ்வரி கதிரையில் இருக்கவுமில்லை. பொட்டலத்தை மேசையில் வைத்தாள். கடையின் பேரும் ரெலிபோன் நம்பரும் அச்சடித்த தாள்.

ஹருகோ பேரைப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "பூட்டிக் கிடந்தது எண்டாய்."

"பொய் சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள். உன்ர அம்மா இருக்கிறா. நல்ல சுகமாய் இருக்கிறா. ஆனால் நீ போகாதை," என்று தொடங்கியவள், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். படம், பலகை, சோறு, மீன். "எங்கட ஊரிலயும் செய்யிறவை. உயிரோட இருக்கிற பிள்ளையைச் செத்ததெண்டு நினைச்சுப் படைக்கிறது. நான் பாத்திருக்கிறன்."

"குச்சி எப்பிடி இருந்தது?" என்றாள் ஹருகோ. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"என்ன?"

"சோத்துக்குள்ள குத்தி நிண்டதோ, பக்கத்தில கிடந்ததோ?"

"பக்கத்தில கிடந்தது."

"கிண்ணத்துக்கு மூடி?"

"இருந்தது. அம்மா அதைத் தூக்கி எனக்குக் காட்டினவ. தண்ணி முத்து முத்தாய் நிண்டது. பாவம், சிரிச்சவ. புத்தி..."

ஹருகோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்தாள். இருந்துகொண்டு சொன்னாள். குச்சியைச் சோற்றில் குத்தி வைத்தால்தான் செத்தவர்களுக்கு. பக்கத்தில் கிடத்தினால் அது உயிரோடு தூரத்தில் இருக்கிற ஆளுக்கு. தூர தேசம் போன பிள்ளை பசி கிடக்கக்கூடாது என்று வீட்டில் நேரத்துக்கு நேரம் சோறு வைப்பார்கள். மூடியைத் திறக்கிறபோது உள்ளே தண்ணீர் முத்து நின்றால் பிள்ளை சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். போருக்குப் போன தமையனுக்கும் அம்மா இப்படித்தான் வைத்தவ, அவன் திரும்பி வந்தவன்.

சிவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்து மூன்று வருசம்! மனுசன் வாசலில் கடிதத்தைத் திருப்பி அனுப்ப, மனுசி உள்ளே நாள் தவறாமல் சோறு வைத்திருக்கிறா. அதைப் போய், தன் வீட்டு அழுக்கை அந்த மனுசியின் தலையில் ஊற்றிவிட்டு வந்தாளே! வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஹருகோ முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சிவா, ஆஸ்திரேலியா எண்டு சொன்னனியோ?"

"ஓம். அதுக்குப் பிறகுதான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனவ."

"அப்ப அம்மாவுக்கு விளங்கியிருக்கு. என்னட்டை இருந்துதான் ஆரோ வந்திருக்கினம் எண்டு. படத்தைக் காட்டிப் பிள்ளை சுகமோ எண்டு உன்னைக் கேட்டிருக்கிறா." அவள் எழும்பிவிட்டாள். "நீ என்ன செய்தனி?"

சிவனேஸ்வரிக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. என்ன செய்தாள்? அழுதாள். படத்தைப் பார்த்துக் கை கூப்பிக் கும்பிட்டாள். தேத்தண்ணியைத் தொடாமல், ஒரு சொல் சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டாள். எந்தத் தேசத்துத் தாய்க்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயோ கடவுளே," என்றாள். "நான் உன்னைச் சாக்காட்டிப்போட்டு வந்திட்டன்."

ஹருகோ ரெலிபோனிடம் ஓடினாள். எக்ஸ்சேஞ்சில் சொல்லிவிட்டு நாற்பது நிமிசம் காத்திருந்தார்கள். ரொன் புல்லு வெட்டுகிற மெசினை நிற்பாட்டிவிட்டு உள்ளே வந்து, இரண்டு பொம்பிளைகளின் முகத்தையும் பார்த்துவிட்டுக் கதவு நிலையிலேயே நின்றார். மணி அடித்தது. ஹருகோ றிசீவரை எடுத்து ஒரு சொல் சொன்னாள். தன் பேராகத்தான் இருக்கவேண்டும். அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள், றிசீவர் எங்கோ விழுந்து அடிபட்டது. பிறகு ஒரு கிழவியின் குரல், மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற சிவனேஸ்வரிக்கே கேட்டது. தாயும் மகளும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள், ஒரே நேரத்தில் அழுதார்கள், ஒரே நேரத்தில் நிற்பாட்டினார்கள்.

ஹருகோ றிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். கண்ணீர் நாடியால் வடிந்துகொண்டிருந்தது. "வாற இருபத்தி மூண்டாம் திகதி எனக்கு நாப்பத்தொன்பதாம் நாளாம். செத்தவைக்குச் செய்யிற சடங்கு, உங்கட அந்தியேட்டி மாதிரி. கோயிலுக்குச் சொல்லியாச்சாம், சொந்தக்காரர் எல்லாருக்கும் கடிதம் போட்டாச்சாம், பலகாரத்துக்கும் சொல்லியாச்சாம். இப்ப அவைக்கு என்ன சொல்லுறது எண்டு அம்மா கேக்கிறா."

சிவனேஸ்வரிக்கு எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. ஹருகோ அவளைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. றிசீவரில் என்னவோ சொல்லிவிட்டு, அதையே இங்கிலீஷிலும் சொன்னாள்: "ஒருத்தரையும் மறிக்கவேண்டாம், எல்லாரும் வரட்டும், நானும் வந்து சாப்பிடுறன் எண்டு சொன்னன்."

அந்தப் பக்கம் கிழவி என்னவோ கேட்டா. ஹருகோ கதவு நிலையைப் பார்த்தாள். சப்பாத்தில் புல்லு ஒட்டியபடி நின்ற ரொன்னை, இருபத்து மூன்று வருசமாக அந்த வீட்டில் பேர் சொல்லப்படாத மனுசனைப் பார்த்தாள்.

"ரொன்," என்றாள். "'உன்ர மனுசன் என்ன விருப்பமாய்ச் சாப்பிடுவார்' எண்டு அம்மா கேக்கிறா."

ஆறடி மனுசன், ரயில்வேயில் இரும்பு தூக்குகிறவர், கதவு நிலையோடு சரிந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ன தந்தாலும் சாப்பிடுவன் எண்டு சொல்லு," என்றார்.